‘எல்லாருக்கும் அனுப்பிடுவேன்’: பிள்ளைகளைக் குறிவைக்கும் பட மிரட்டல் எப்படி நடக்கிறது, எங்கே உடைகிறது?

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிரம்பாதவர்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் உள்ளிட்ட பத்துத் தளங்களில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. தடுக்கத் தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். இந்தச் செய்தி வந்ததிலிருந்து நம் ஊர்ப் பெற்றோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இங்கேயும் இப்படித் தடை வந்தால் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்களா?

அந்தப் பத்துத் தளங்களின் பட்டியலில் வாட்ஸ்அப் இல்லை, விளையாட்டுப் பிரியர்கள் அரட்டையடிக்கும் டிஸ்கார்ட் செயலியும் இல்லை. தடை சரியா தவறா என்பது தனி விவாதம். பதின்ம வயதுப் பிள்ளைகளை மிக வேகமாகச் சிதைக்கிற ஒரு குற்றம் மட்டும் பொதுவெளியில் நடப்பதே இல்லை. தனிச் செய்திகளுக்குள் நடக்கிறது. அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுவதுதான் அது. போலீஸார் ‘செக்ஸ்டார்ஷன்’ என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் பட மிரட்டல் என்றே சொல்லலாம். தளத்துக்கு வயது வரம்பு வைத்தாலும் வைக்காவிட்டாலும், அது எப்படி இயங்குகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

## மூன்று வகை

1. பணத்துக்காக மிரட்டுவது. முன்பின் தெரியாத ஆள், பெரும்பாலும் வெளிநாட்டிலோ வேறு மாநிலத்திலோ இருப்பவர். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கையாண்ட வழக்குகளில் இதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் 14 முதல் 17 வயது வரையிலான ஆண்பிள்ளைகள். ‘பையன்தானே, அவனுக்கென்ன’ என்று நினைக்கும் வீடுகள் முதலில் கவனிக்க வேண்டியது இது.

2. மேலும் படங்களுக்காகவோ நேரில் வரவழைப்பதற்காகவோ மிரட்டுவது. இதில் பெண்பிள்ளைகள் அதிகம் சிக்குகிறார்கள். மிரட்டுபவர் தெரிந்த ஆளாகவும் இருக்கலாம்: முன்னாள் காதலன், கூடப் படிப்பவன், டியூஷனில் பழகியவன்.

3. அனுப்பாத படத்தை வைத்தே மிரட்டுவது. பள்ளி ஆண்டுவிழாவில் எடுத்த சாதாரண போட்டோவை ஏஐ செயலியில் போட்டு ஆபாசப் படமாக மாற்றிவிட்டு மிரட்டுகிறார்கள். பிள்ளையின் பக்கம் எந்தச் செயலுமே இல்லை. ஆனாலும் பயம் அதேதான், ஏனென்றால் ‘இது போலி என்று யார் நம்புவார்கள்?’ என்பதுதான் அந்த வயதின் முதல் எண்ணம்.

## முதல் ஹாயிலிருந்து மிரட்டல் வரை

பணத்துக்கான மிரட்டல் ஏறக்குறைய எழுதி வைத்த வசனம் போலவே நடக்கிறது. அதைத் தெரிந்துவைத்திருப்பதே பாதிப் பாதுகாப்பு.

1. ஒரு பெண்ணின் பெயரில், அழகான டிபியுடன் ஃபாலோ ரிக்வெஸ்ட் வருகிறது. பையன் படிக்கும் பள்ளியைச் சேர்ந்த நாலைந்து பேர் ஏற்கெனவே அந்தக் கணக்கின் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். முகம் தெரியாதவர் என்ற எச்சரிக்கை உணர்வு அங்கேயே தளர்ந்துவிடுகிறது.

2. பேச்சு சீக்கிரமே சூடு பிடிக்கிறது. ‘இங்க வேண்டாம், வாட்ஸ்அப் வா’ அல்லது ‘டெலிகிராம் வா’ என்று இடம் மாற்றுகிறார்கள். முதல் தளத்தின் கண்காணிப்பிலிருந்து வெளியே கொண்டுபோவதற்காகத்தான் இது.

3. அந்தப் பக்கம் முதலில் ஒரு படம் வருகிறது. எங்கிருந்தோ எடுத்த படம். ‘நான் அனுப்பிட்டேன்ல, இப்ப நீ’ என்று கேட்கிறார்கள். அல்லது வீடியோ கால் வருகிறது. அந்தப் பக்கம் ஓடுவது பதிவுசெய்த வீடியோ, இந்தப் பக்கம் நடப்பது முழுக்க ஸ்கிரீன் ரெக்கார்டிங்.

4. படம் போய்ச் சேர்ந்த அடுத்த நிமிடமே தொனி மாறுகிறது. பையனின் படம், அவன் ஃபாலோயர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட், அதில் அம்மா, சித்தி, வகுப்பு நண்பர்கள் பெயர்கள். கீழே ஒரு வரி: ‘அஞ்சு நிமிஷத்துல பணம் போடு, இல்லைன்னா எல்லாருக்கும் போகும்.’ பிறகு 4, 3, 2 என்று ஒவ்வொரு நிமிடமும் ஒரு செய்தி.

5. பணம் போட்டால் முடிவதில்லை. ‘டெலிட் பண்ணணும்னா இன்னும் இவ்வளவு’ என்று தொடர்கிறது. பணம் வரும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அந்தக் கணக்கை அவர்கள் விடுவதில்லை.

முதல் ஹாயிலிருந்து நான்காம் கட்டம் வரை சில மணி நேரமே ஆகலாம். 2022-இல் மிச்சிகன் மாநிலத்தில் 17 வயது மாணவர் ஒருவர் இப்படி மிரட்டப்பட்டு, தொடர்பு தொடங்கிய சில மணி நேரத்துக்குள் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் கணக்கை இயக்கிய நைஜீரியச் சகோதரர்கள் இருவர் 2023-இல் அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். 2024-இல் இருவருக்கும் தலா பதினேழரை ஆண்டு சிறை. 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை எஃப்பிஐக்கும் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் வந்த புகார்களில் பாதிக்கப்பட்ட சிறார்கள் 12,600 பேருக்கு மேல். குறைந்தது 20 தற்கொலைகள். இவை புகாராக வந்தவை மட்டுமே.

நிறுவனங்களுக்கும் இந்த ஆட்டம் தெரியும். 2024 ஜூலையில் இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா, நைஜீரியாவில் சுமார் 63,000 இன்ஸ்டாகிராம் கணக்குகளை இதற்காக நீக்கியது. அவை பெரும்பாலும் வயதுவந்த ஆண்களைக் குறிவைத்தவை, சில, சிறுவர்களையும்.

## மிரட்டுபவரின் முதலீடு எது?

படம் என்று தோன்றும். ஆனால் படத்தை வெளியிடுவதால் மிரட்டுபவருக்கு ஒரு ரூபாய்கூட வராது. வெளியிட்ட நொடியில் அவர் கையிலிருந்த பிடி போய்விடுகிறது, கணக்கு முடக்கப்படும் ஆபத்தும் வருகிறது. அவர் விற்பது படத்தை அல்ல, ‘வீட்டுக்குத் தெரிந்துவிடும்’ என்கிற பயத்தை. அந்த ஐந்து நிமிடக் கவுண்ட்டவுன் எதற்காக? பிள்ளை எழுந்து பக்கத்து அறைக்குப் போய் யாரிடமாவது சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

அதற்காக வெளியிடவே மாட்டார் என்று உறுதி சொல்ல முடியாது. சில சமயம் ஓரிருவருக்கு அனுப்பிக் காட்டுவதும் உண்டு. பணம் கொடுப்பதும் அதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றாலே மிரட்டலின் பெரும்பகுதி செத்துவிடுகிறது. பேரம் பேச எதிரில் தனியாக ஒரு குழந்தை இல்லை என்றாகிவிடுகிறது.

இங்கேதான் நம் வீடுகளின் பழக்கம் மிரட்டுபவருக்கு உதவுகிறது. போனில் ஏதாவது தப்பு நடந்தால் போனைப் பிடுங்குவோம், அடிப்போம், ‘படிக்கச் சொன்னா இதான் பண்ணிட்டு இருக்கியா’ என்போம். பிள்ளைக்கு இது முன்கூட்டியே தெரியும். அந்த ஐந்து நிமிடத்தில் அது போடும் கணக்கு இதுதான்: முகம் தெரியாதவனுக்குப் பணம் கொடுப்பது எளிதா, அப்பாவிடம் சொல்வது எளிதா? இரண்டாவது கடினமாக இருக்கும் வரை எந்தச் செயலியின் எந்தப் பாதுகாப்பு அமைப்பும் போதாது.

ஆகவே இதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே, ஒரு சாதாரண நாளில் சொல்லிவைக்க வேண்டும்: “யாராவது உன் போட்டோவை வெச்சு மிரட்டினா, அது எப்படி எடுத்த போட்டோவா இருந்தாலும் பரவாயில்ல, உடனே என்கிட்ட வா. ராத்திரி ரெண்டு மணின்னாலும் எழுப்பு. திட்ட மாட்டேன், போனை வாங்கி வெச்சுக்க மாட்டேன்.” கடைசி வாக்கியத்தைச் சொன்னால் அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

## பிள்ளை வந்து சொல்லிவிட்டால்: முதல் ஒரு மணி நேரம்

1. பணம் கொடுக்க வேண்டாம், படமும் அனுப்ப வேண்டாம். நேரம் கேட்டுக் கெஞ்சுவதும் வேண்டாம்.

2. எதையும் அழிக்க வேண்டாம். பதற்றத்தில் சாட் முழுவதையும் டெலிட் செய்வதும் செயலியையே நீக்குவதும்தான் பலர் முதலில் செய்வது. மிரட்டல் செய்திகள், யூசர்நேம், புரொஃபைல் இணைப்பு, போன் எண், பணம் போடச் சொன்ன யுபிஐ ஐடி, தேதி, நேரம் இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யூசர்நேமை மாற்றிவிடுவார்கள் என்பதால் புரொஃபைல் இணைப்பையும் சேர்த்து எடுப்பது முக்கியம்.

3. அந்தரங்கப் படத்தை மட்டும் நகல் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆலோசனை கேட்பதற்காகக்கூட மாமாவுக்கோ வக்கீல் நண்பருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. 18 வயது நிரம்பாதவரின் அத்தகைய படத்தை அனுப்புவது சட்டப்படி குற்றம். போனில் ஏற்கெனவே இருப்பதைப் போலீஸார் பார்த்துக்கொள்வார்கள்.

4. ரிப்போர்ட், பிறகு பிளாக். செயலியிலேயே அந்தக் கணக்கின் மீது புகார் செய்துவிட்டு அப்புறம் பிளாக் செய்யுங்கள்.

5. பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930. இணைய நிதி மோசடிக்கான இந்த எண்ணில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் முடக்கும் வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனையின் யுடிஆர் எண்ணை (பணம் போனதற்கான வங்கிக் குறிப்பு எண்) கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

6. புகார். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் (cybercrime.gov.in) பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பெயர் சொல்லாமல் தகவல் தரும் வசதியும் உண்டு. ஆனால் பெயர் சொல்லாத புகாரில் தொடர்ந்து விசாரணை நிலவரம் கேட்பது கடினம். மிரட்டல் நடந்துகொண்டிருந்தால் பெயருடன் பதிவு செய்வதே நல்லது. குழந்தைகள் உதவி எண் 1098.

7. அன்று இரவு பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். ஏழாவதாக எழுதினாலும் முக்கியத்துவத்தில் இதுதான் முதல். மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416, நாள் முழுவதும், கட்டணமின்றி.

## படம் பரவாமல் தடுக்கும் தொழில்நுட்பம்

‘ஒருதரம் நெட்டில் போனால் போனதுதான்’ என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நம்பிக்கையின்மைதான் அவர்களை மூச்சுமுட்ட வைக்கிறது.

காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் தேசிய மையம், 2023 பிப்ரவரியில் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையைத் தொடங்கியது. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்களுக்கானது. இந்தியாவிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் தர வேண்டியதில்லை. 18 வயதைக் கடந்தவர்களின் படங்களுக்கு ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற வேறொரு சேவை 2021 டிசம்பர் முதல் இருக்கிறது.

இதைப் பயன்படுத்தப் பலர் தயங்குவது ஒரு காரணத்தால்: ‘ஒரு படத்தை மறைக்க அதே படத்தை இன்னொரு இடத்தில் ஏற்றுவதா?’ நியாயமான கேள்வி. ஆனால் படம் எங்கும் ஏறுவதில்லை. நடப்பது இது:

1. சேவையின் பக்கத்தில் படத்தைத் தேர்வு செய்ததும், உங்கள் போனுக்குள்ளேயே ஒரு கணக்கீடு ஓடி, படத்துக்கு ஒரு எண்தொடர் கிடைக்கிறது. இதை ஹாஷ் என்பார்கள். மனிதருக்குக் கைரேகை போல, படத்துக்கு இது.

2. அந்த எண்தொடர் மட்டுமே சேவைக்குப் போகிறது. அதிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது.

3. இத்திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்கள், அவற்றில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், சில ஆபாசத் தளங்கள் அடக்கம், அந்தப் பட்டியலை எடுத்துக்கொள்கின்றன.

4. யாராவது அந்தப் படத்தை அங்கே ஏற்றினால், அதன் ஹாஷ் பட்டியலோடு ஒத்துப்போவதால் கண்டுபிடித்து நீக்குகிறார்கள்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். முழுமையாக மறையாக்கம் செய்யப்பட்ட வாட்ஸ்அப் போன்ற தனி உரையாடல்களுக்குள் இது எட்டாது. அங்கே போவதை அந்த நிறுவனமே பார்க்க முடியாது. திட்டத்தில் சேராத தளங்களிலும் பயன் இல்லை. படத்தை அதிகமாக வெட்டியோ மாற்றியோ ஏற்றினால் ஹாஷ் பொருந்தாமல் போகலாம். ஆனாலும், பள்ளி நண்பர்களும் சொந்தக்காரர்களும் தினமும் புழங்கும் பெரிய தளங்களில் படம் தங்காமல் செய்ய முடியும் என்பது சின்ன விஷயம் இல்லை.

## சட்டம் யார் பக்கம்?

‘ஸ்டேஷனுக்குப் போனால் நம் பிள்ளையைத்தான் கேள்வி கேட்பார்கள்’ என்ற பயம் பெற்றோரிடம் இருக்கிறது. சட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் (2012), பிரிவு 11: பாலியல் நோக்கத்தோடு, ஒரு குழந்தையின் உடலின் ‘உண்மையான அல்லது புனைந்த’ சித்திரிப்பை எந்த ஊடகத்திலாவது பயன்படுத்துவேன் என்று மிரட்டினாலே அது பாலியல் துன்புறுத்தல். வெளியிட்டிருக்க வேண்டும் என்பதில்லை. தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். ‘புனைந்த’ என்பதைக் கவனியுங்கள்: மார்ஃபிங்கும் (முகத்தை வேறு படத்தில் ஒட்டி மாற்றுவது) ஏஐ படமும் அதற்குள் வந்துவிடுகின்றன. பணம் கேட்டு மிரட்டினால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவும் சேரும். குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் படங்களை வெளியிடுவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

‘நான் பரப்பவில்லை, பார்த்தேன், வைத்திருந்தேன், அவ்வளவுதான்’ என்ற வாதத்துக்கும் இப்போது இடமில்லை. சென்னை அம்பத்தூரில் தொடங்கிய ஒரு வழக்கில், அத்தகைய படங்களைத் தனிப்பட்ட முறையில் டவுன்லோடு செய்து பார்ப்பது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவியின் படம் வந்தால் ‘நான் ஃபார்வர்டு பண்ணலையே’ என்று சேமித்து வைத்திருக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். பள்ளிகள் இதை மாணவர்களிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும்.

விசாரணை நடைமுறையிலும் பாதுகாப்பு இருக்கிறது. போக்சோ பிரிவு 24-இன்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும், கூடியவரை பெண் உதவி ஆய்வாளர். அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் குழந்தையை எக்காரணம் கொண்டும் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். பிள்ளையின் பெயர், பள்ளி, முகவரி எதையும் ஊடகங்கள் வெளியிட முடியாது. நடைமுறையில் எல்லா ஸ்டேஷனிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்கும் பெற்றோருக்குக் கிடைக்கும் பதில் வேறாக இருக்கும்.

இன்னொன்று: விஷயம் தெரிந்த பிறகு ‘பள்ளிப் பெயர் கெட்டுவிடும்’ என்று மூடி மறைக்கும் உரிமை பள்ளிக்கு இல்லை. போக்சோ பிரிவு 19 தகவல் தருவதைக் கட்டாயமாக்குகிறது. தராதவருக்கு ஆறு மாதம் வரை சிறை; குற்றம் செய்தவர் தனக்குக் கீழே வேலை செய்பவர் என்றால் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை.

## போனில் மாற்ற வேண்டியவை

இன்ஸ்டாகிராமின் ‘டீன் அக்கவுண்ட்’ 2025 பிப்ரவரி முதல் இந்தியாவில் இருக்கிறது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும். தொடர்பில் இல்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழே இருந்தால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். தனிச் செய்தியில் வரும் நிர்வாணப் படங்களை மங்கலாக்கும் வசதியும் உண்டு. சந்தேகத்துக்குரிய கணக்குகளுக்கு ஃபாலோயர் பட்டியலைக் காட்டாமல் மறைப்பதையும் 2024 இறுதியில் சேர்த்தார்கள். மிரட்டுபவரின் ஆயுதமே அந்தப் பட்டியல்தான் என்பதால் இது நல்ல மாற்றம்.

ஆனால் இவை பெரும்பாலும் கணக்கில் கொடுத்த பிறந்த தேதியை நம்பி இயங்குகின்றன. பத்து வயதில் கணக்கு தொடங்குவதற்காக 2000 என்று பிறந்த வருடம் போட்ட பையன், இன்ஸ்டாகிராமின் கண்ணில் இன்று வேலைக்குப் போகும் ஆள். அவனுக்கு இந்தப் பாதுகாப்பு தானாக வராமல் போகலாம். பிள்ளையோடு உட்கார்ந்து முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிறந்த தேதியைத்தான். அடுத்து, ஃபாலோயர் பட்டியலில் நேரில் பார்த்திராதவர்களை நீக்குவது. பிரைவேட் கணக்கானாலும், ஏற்றுக்கொண்ட ஒரே ஒரு அந்நியருக்கு முழுப் பட்டியலும் தெரியும்.

## படம் வெளியே போய்விட்டால்

முதல் வேலை, வந்த இடங்களின் இணைப்புகளைச் சேகரித்துத் தளத்தின் குறைதீர் அதிகாரியிடம் புகார் செய்வது. நிர்வாணப் படம், மார்ஃபிங் செய்த படம் ஆகியவை பற்றிச் சம்பந்தப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் கட்டாயமாக்கின; 2026 பிப்ரவரியில் இந்தக் கெடு 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

வகுப்பில் தெரிந்துவிட்டது என்றால் தலைமையாசிரியரிடம் பெற்றோரே நேரில் பேசுங்கள், அதைப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். படம் யார் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் வைத்திருப்பதே குற்றம் என்று பள்ளி சொன்னால், பெரும்பாலும் அன்றைக்கே பரவல் நின்றுவிடும்.

சில மாதம் கழித்து வேறு பெயரில் அதே ஆள் திரும்ப வருவதும் உண்டு. அதற்காகவே புகார் ஒப்புகை எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்களையும் பத்திரமாக வைத்திருங்கள். புதிய யூசர்நேமைப் பழைய புகாரோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். பதில் மட்டும் அனுப்ப வேண்டாம்.